சக்கை வரட்டி

சக்கை வரட்டி என்பது பழுத்த பலாச்சுளைகளை வேகவைத்து மசித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து, நீர் வற்றும்வரை கிளறி எடுக்கப்படும் இனிப்பு. இது கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீடுகளில் செய்யப்படுகிறது. பலாப்பழம் மிகுதியாகக் கிடைக்கும் மாதங்களில் செய்துவைத்து, பழம் கிடைக்காத மாதங்களில் பயன்படுத்துவது வழக்கம். மேலை நாடுகளில் ஆப்பிளை மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேகவைத்துச் செய்யும் ஆப்பிள் வெண்ணெய் இதற்கு மிக நெருங்கிய பண்டம். இரண்டையும் இன்று ஸ்லோ குக்கரில் செய்கிறார்கள். ஆனால் இரண்டும் கெடாமல் இருப்பதற்கான காரணம் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை அறியாமல் ஒன்றின் செய்முறையை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது ஆபத்தாக முடியலாம்.

பெயர்

கன்னியாகுமரி மாவட்டத் தமிழிலும் மலையாளத்திலும் பலாப்பழத்தைச் சக்கை என்பர். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இச்சொல் சாறு பிழிந்தபின் எஞ்சும் கழிவையே குறிக்கும். மலையாளச் சக்கை என்ற சொல்லே போர்த்துகீசியத்தில் ஜாகா ஆகி, அதிலிருந்து ஆங்கிலத்தின் ஜாக் என்ற பெயர் வந்தது.

வரட்டுதல் என்றால் ஈரத்தை வற்றச் செய்தல். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் வரட்டி அல்லது வறட்டி என்றால் சாணத்தைத் தட்டிக் காயவைத்த எரிபொருள் நினைவுக்கு வரும். ஈரம் போக்கி எடுக்கப்பட்டது என்ற பொருளே இரண்டு பெயர்களுக்கும் பொது. ஆப்பிள் வெண்ணெய் என்ற பெயரும் இவ்வாறு குழப்பம் தரக்கூடியதே. அதில் பாலோ வெண்ணெயோ இல்லை. ரொட்டியில் வெண்ணெய்போல் வழுக்கித் தடவ வருவதால் அப்பெயர் பெற்றது.

பலாவும் பருவமும்

மா, பலா, வாழை என்னும் முக்கனிகளுள் ஒன்றான பலா தமிழ்நாட்டின் மாநிலப் பழம். கேரள அரசும் 2018 மார்ச் 21 அன்று பலாவைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் பண்ருட்டி, கொல்லிமலை, கன்னியாகுமரி மாவட்டம் ஆகியவை பலாவுக்குப் பெயர் பெற்றவை. பண்ருட்டிக்கு அருகிலுள்ள பாலூர் ஆய்வு நிலையமும் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை ஆய்வு நிலையமும் தத்தம் பெயரிலேயே பலா ரகங்களை வெளியிட்டுள்ளன.

பலாவில் வருக்கை, கூழன் என இரண்டு வகை உண்டு. வருக்கையின் சுளை கெட்டியாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும். கூழனின் சுளை குழைவாகவும் நார் மிகுந்தும் இருக்கும். வரட்டிக்குப் பெரும்பாலும் வருக்கையையே விரும்புவர்.

பலாமரத்தில் காய்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் பழுக்கும். ஒரு பழமே பல கிலோ எடை இருக்கும். அதில் உண்ணத்தக்க சுளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பழுத்த சுளை சில நாள்களில் புளித்துவிடும். ஒரு குடும்பம் உண்டு தீர்க்க முடியாத அளவு பழம் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வருவதால், பெருமளவு வீணாவது வாடிக்கை. இதைத் தடுக்க வீடுகளில் கண்ட வழியே வரட்டி.

கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தவை. அதனால் உணவுப் பழக்கங்கள் பலவும் இரு பக்கத்துக்கும் பொதுவாக உள்ளன. ஓணம் ஆவணி மாதத்தில் வருகிறது. அப்போது பலாப் பருவம் முடிந்திருக்கும். முன்பே கிளறி வைத்த வரட்டியில் தேங்காய்ப்பால் சேர்த்துச் சக்கைப் பிரதமன் என்னும் பாயசம் வைப்பர். வாழையிலையில் வேகவைக்கும் அடைக்குள் பூரணமாகவும் வைப்பர்.

மரபான செய்முறை

வெண்கல உருளியில் வரட்டி கிளறுவது பழைய வழக்கம். உருளி அகலமான வாயும் தடித்த அடியும் கொண்டது. அகன்ற வாய் வழியாக நீராவி விரைந்து வெளியேறும். தடித்த அடி சூட்டைச் சீராகப் பரப்பும்.

1. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுக்க வேண்டும். பலாவின் பால்பிசின் ஒட்டாமலிருக்க இது உதவும்.
2. கொட்டையும் அதன் மேல்தோலும் நீக்கிய 1 கிலோ சுளையைச் சிறு துண்டுகளாக்கி, 250 மில்லி லிட்டர் நீர் சேர்த்துக் குழைய வேகவைத்து மசிக்க வேண்டும்.
3. 500 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டிச் சேர்க்க வேண்டும்.
4. மிதமான தீயில் விடாமல் கிளற வேண்டும். கூழ் கெட்டியாகத் தொடங்கியதும் 100 கிராம் நெய்யைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.
5. கலவை கருஞ்சிவப்பு நிறமாகி, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்போது சுக்குப்பொடியும் ஏலப்பொடியும் தூவி இறக்க வேண்டும்.

கூழ் கெட்டியான பிறகு கொப்புளித்துத் தெறிக்கும். சர்க்கரை மிகுந்த அந்தக் கூழ் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். நீண்ட பிடியுள்ள கரண்டி வேண்டுவது இதனால்தான். அடுப்பின் முன்னே பல மணிநேரம் நின்று கிளறும் இந்த உழைப்பே இப்பண்டம் பல வீடுகளில் அருகிவருவதற்கு ஒரு காரணம்.

ஆப்பிள் வெண்ணெய்

ஆப்பிள் வெண்ணெயின் தாயகம் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதி ஆகியவை. அங்கிருந்து குடியேறியவர்கள் வழியாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குச் சென்று நிலைபெற்றது. இலையுதிர்காலத்தில் ஆப்பிள் அறுவடை முடிந்ததும், வெளியே மூட்டிய தீயில் பெரிய செப்பு அண்டாவை ஏற்றி, நீண்ட மரத்துடுப்பால் ஊரார் முறைவைத்துக் கிளறுவது அங்குள்ள பழைய வழக்கம். பழம் குவியும் பருவம், அகன்ற உலோகக் கலம், நீண்ட துடுப்பு, பலர் உழைப்பு என எல்லாமே உருளி வரட்டியை ஒத்தவை.

ஆப்பிளில் நீர் சுமார் 85 சதவீதம். பலாச்சுளையில் சுமார் 73 சதவீதம். ஆப்பிள் வெண்ணெய்க்கு அமெரிக்க அரசின் விதி கேட்கும் கரைந்த திடப்பொருள் அளவு குறைந்தது 43 சதவீதம் மட்டுமே. ஜாம்களுக்குப் பன்னாட்டு உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் பொதுவாகக் கேட்பது 60 முதல் 65 சதவீதமோ அதற்கு மேலோ. அதாவது ஆப்பிள் வெண்ணெய் ஜாமைவிட இளகியது, ஈரம் மிகுந்தது. ஆயினும் சூடாகப் போத்தலில் அடைத்து, மூடியபின் கொதிநீரில் வைத்தெடுத்தால் அது நெடுநாள் இருக்கிறது. அதற்குக் காரணம் ஆப்பிளின் புளிப்பு.

இரண்டு காவல்கள்

ஓர் உணவின் புளிப்பைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா பி.எச். 4.6-க்குக் கீழே வளராது. ஆப்பிளின் பி.எச். பொதுவாக 3.3 முதல் 4 வரை இருக்கும். ஆகவே ஆப்பிள் வெண்ணெய்க்குப் புளிப்பே முதல் காவல்.

பலாப்பழத்தில் புளிப்பு மிகக் குறைவு. அதன் பி.எச். 4.8 முதல் 6.8 வரை இருக்கலாம். எனவே வரட்டிக்கு அந்தக் காவல் இல்லை. வரட்டியைக் காப்பது வறட்சி ஒன்றே. நீரை வற்றவைத்து வெல்லத்தின் அளவைக் கூட்டும்போது, எஞ்சிய நீர் சர்க்கரையோடு பிணைந்துவிடும். அந்நீர் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காது. இவ்வாறு கிடைக்கக்கூடிய நீரின் அளவை நீர்ச்செயல்பாடு என்பர். தூய நீருக்கு இது 1. நோய் தரும் பாக்டீரியாக்களைத் தடுக்க இதனை 0.85-க்கோ அதற்குக் கீழோ கொண்டுவர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் வழங்கும் எல்லை.

ஆகவே ஆப்பிள் வெண்ணெய் அளவுக்கு மட்டும் கெட்டியாக்கிய பலாக்கூழைக் காற்றுப்புகாத போத்தலில் அடைத்து அலமாரியில் வைப்பது ஆபத்தானது. அதில் புளிப்பும் இல்லை, போதிய வறட்சியும் இல்லை. காற்றில்லாத இடமே பாட்டுலினம் விரும்பும் இடம். அதன் நஞ்சு இருப்பதைப் பார்வையாலோ மணத்தாலோ கண்டுகொள்ள முடியாமலும் போகலாம்.

ஸ்லோ குக்கரில் வரட்டி

ஸ்லோ குக்கருக்கு வழிவகுத்த கருவிக்கு அமெரிக்கரான இர்விங் நாக்சன் 1940-இல் காப்புரிமை பெற்றார். ஓய்வுநாளில் தீ மூட்டாத யூதக் குடும்பங்கள், முதல்நாளே அடுப்பில் வைத்து இரவெல்லாம் வேகவிடும் சோலண்ட் என்ற உணவு அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. 1971-இல் இக்கருவி கிராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்கு வந்து பரவியது.

இக்கருவி உணவைக் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருக்கும். சூடு பக்கங்களிலிருந்து மெல்லப் பரவுவதால் அடிபிடிப்பது குறைவு. ஆனால் மூடி நீராவியைத் தடுத்து மீண்டும் நீராக்கி உள்ளேயே விடும். வேகவைக்க இது நல்லது. வற்றவைக்க இது தடை.

மேற்சொன்ன அளவுகளை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் இது தெளிவாகும். 1 கிலோ சுளையில் சுமார் 735 கிராம் நீர் உள்ளது. சேர்த்த நீர் 250 கிராம். வெல்லத்தின் ஈரம் சுமார் 25 கிராம். ஆக மொத்தம் ஏறத்தாழ 1 கிலோ நீர். திடப்பொருள் சுளையிலிருந்து 265 கிராமும் வெல்லத்திலிருந்து 475 கிராமுமாக 740 கிராம். திடப்பொருள் 75 சதவீதமாக வேண்டுமானால், நெய் நீங்கலாக மொத்த எடை ஏறத்தாழ 985 கிராமுக்கு இறங்க வேண்டும். அதாவது முக்கால் கிலோ நீர் ஆவியாகிப் போக வேண்டும். வெல்லம் கரைக்கச் சேர்த்த நீரும் இதற்கு மேல் போக வேண்டும்.

எனவே வேலையை இரண்டாகப் பிரிப்பது நல்லது. சுளையையும் நீரையும் ஸ்லோ குக்கரில் இட்டு, குறைந்த சூட்டில் 6 முதல் 8 மணிநேரம் மூடி வேகவைத்து மசிக்கலாம். இந்நேரத்தில் யாரும் அருகில் நிற்க வேண்டியதில்லை. பின்னர் அகன்ற, அடி கனத்த பாத்திரத்துக்கு மாற்றி, வெல்லமும் நெய்யும் சேர்த்து அடுப்பில் வற்றக் கிளற வேண்டும். ஸ்லோ குக்கரின் பீங்கான் கலத்தை அடுப்பில் ஏற்றக் கூடாது. அது வெடித்துவிடும்.

பதம் அறிய எடை நல்ல வழி. வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். 100 கிராம் நெய்யும் சேர்த்து, வரட்டியின் எடை 1,080 கிராம் அளவுக்கு இறங்கினால் பதம் வந்தது என்று கொள்ளலாம். கெட்டியாகத் தோன்றுவதை மட்டும் நம்பக் கூடாது. பலாவின் நாரும் கூழும் ஈரம் இருக்கும்போதே கெட்டியாகத் தோன்றும்.

ஆப்பிள் வெண்ணெய்க்கு இவ்வளவு வற்ற வேண்டியதில்லை. தோலும் விதையும் நீக்கிய 2 கிலோ ஆப்பிளுடன் 300 கிராம் சர்க்கரை, பட்டை, கிராம்பு, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, குறைந்த சூட்டில் 8 முதல் 10 மணிநேரம் வேகவைத்து மசிக்க வேண்டும். பின்னர் மூடியைச் சற்றே விலக்கி, கெட்டியாகும்வரை மேலும் சில மணிநேரம் வைக்கலாம். குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி வைத்தால் அதைச் சுற்றி நீர் கசியக் கூடாது.

பாதுகாத்தல்

நன்கு வற்றிய வரட்டியை ஆறவைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலிலோ பீங்கான் ஜாடியிலோ இட்டுவைப்பர். சிலர் மேலே நெய் ஊற்றுவர். ஈரக்கரண்டி படும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பதத்தில் ஐயம் இருந்தால் குளிர்பெட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்துவதும், நெடுநாளுக்கு வேண்டுமானால் உறைநிலையில் வைப்பதும் தக்கவை. பூஞ்சை பிடித்ததையும், நுரைத்து வாடை மாறியதையும் மேற்பகுதியை மட்டும் எடுத்தெறிந்து உண்ணக் கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

மேற்சொன்ன அளவில் செய்த வரட்டியில் 20 கிராமுக்குச் சுமார் 12 கிராம் சர்க்கரை உள்ளது. நீரிழிவு உள்ளோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். உடல்நலம் கருதி வெல்லத்தைக் குறைத்துச் செய்வதாயின், அதைக் குளிர்பெட்டிக்கு உரிய பண்டமாகவே கருத வேண்டும். வரட்டியில் வெல்லம் இனிப்புக்காக மட்டும் இருப்பதன்று. அதைக் கெடாமல் காப்பதும் அதுவே.