சொல்லுக்குக் காசு, வரிக்கு அகலம்

கெடாவில் பால்மரத் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், கடல் தாண்டி இருக்கும் உறவுக்கு அவசரச் செய்தி சொல்லத் தந்திதான் வழி. பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கம் லயத்தில் சாவு விழுந்தால் தந்தி எழுதித் தரச் சொல்லித் தோட்டக் கிராணியார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். முகவரியும் கணக்கில் சேரும். அனைத்துலக விதிப்படி 15 எழுத்தைத் தாண்டிய சொல் இரண்டாகிவிடும். தமிழ் எழுத்து கம்பியில் போகாது. ஆங்கிலத்தில் எழுதவேண்டும், இல்லையென்றால் ரோமன் எழுத்தில் தமிழை எழுதவேண்டும். எனவே முதலில் அடிபடுவது நலம் விசாரிப்புதான். யார், என்ன ஆயிற்று, எப்போது புறப்பட வேண்டும்: இவ்வளவுதான் மிஞ்சும்.

அப்புறம் குறுஞ்செய்தி வந்தது. அதிலும் தமிழுக்கு ஓரவஞ்சனை: ஒரு செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70. இந்தியா 2013 ஜூலையில் தந்திக்கே மூடுவிழா நடத்தியது.

தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. கூலிமில் 1996இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டரிங், மணமேடை அலங்காரம், டியூஷன் என்று தொழில் செய்கிறார்கள். அவர்கள் சுருக்கி எழுதவேண்டியது, கூகுள் தேடலில் தங்கள் இணையப் பக்கத்தின் தலைப்புக்குக் கீழே வரும் அந்த இரண்டு வரி விவரத்தை.

"155 எழுத்துக்குள் எழுது" என்பது இதற்கு ஊரெல்லாம் சொல்லும் யோசனை. தமிழில் அது சரிப்படாது. 'சுங்கை பட்டாணி' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினியோ புள்ளி, கொம்பு, கால், இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 14 என்கிறது. கூகுளுக்கு இரண்டு கணக்கும் பொருட்டில்லை. விவரத்துக்கு நீள வரம்பே இல்லை, திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறோம் என்பது அதன் விளக்கம். நம் 'ணி'யும் 'ஞை'யும் அகலக்காரர்கள். கைப்பேசியில் இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

அந்த வெட்டும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2017 டிசம்பரில் கூகுள் விவரத்தை ஏறக்குறைய இரு மடங்கு நீளமாக்கியது. பலர் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களுக்கும் நீட்டி எழுதினார்கள். 2018 மே மாதம் பழைய அளவே திரும்பி வந்தது. பட்ட பாடு வீண்.

நமக்கு இன்னொரு வம்பும் உண்டு. தமிழ் வாக்கியத்தின் உயிர் கடைசியில், வினைமுற்றில். "வெள்ளிக்கிழமைகளில் அசைவ உணவு, முன்கூட்டியே சொன்னாலும் சொல்லாவிட்டாலும், எங்கள் கடையில் கிடைக்காது" என்று எழுதி, 'கடையில்' என்ற இடத்தில் வெட்டு விழுந்தால், கிடைக்கும் என்று நம்பி ஆள் வந்து நிற்பார். கிராணியாருக்கு இந்தத் தொல்லை இல்லை. காசு கட்டிய சொல் கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

ஒரு கல்யாணச் சமையல்காரரின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். "பல்லாண்டு அனுபவத்துடன் வாடிக்கையாளரின் மனநிறைவையே குறிக்கோளாகக் கொண்டு..." என்று தொடங்கினால், ஊர் பெயர் வருவதற்குள் வரி முடிந்துவிடும். "சுங்கை பட்டாணி, பீடோங்: கல்யாண விருந்து. வாழையிலைச் சைவச் சாப்பாடு, 50 பேர் முதல்." இப்படி இருந்தால் எங்கே வெட்டினாலும் ஏதாவது ஒரு தகவல் கையில் நிற்கும். அன்று தந்தியில் தள்ளுபடியான நலம் விசாரிப்பு இன்று 'பல்லாண்டு அனுபவம்' என்ற வேஷத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்பேன்.

இந்த விவரம் தரவரிசையை உயர்த்தாது; 2009இலேயே கூகுள் அதைச் சொல்லிவிட்டது. நாம் எழுதியதைத் தள்ளிவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துப் போடுவதும் உண்டு. ஆனாலும் தேடுகிறவர் உங்கள் பக்கத்தைத் திறப்பதா, அடுத்ததற்குப் போவதா என்று முடிவு செய்யும்போது இந்த வரியையும் பார்க்கிறார். கெடாவில் கடை வைத்திருப்பவர்கள் இன்றே கைப்பேசியில் தங்கள் கடையைத் தேடிப் பாருங்கள். முதல் வரியில் ஊரும் தொழிலும் இல்லையென்றால் மாற்றி எழுதுங்கள்.