வான்கோழியும் நாட்டுக்கோழியும் ஒரே கொட்டகையில்: மஞ்சூர் வீட்டுக்கு இது டைவர்சிஃபிகேஷனா?

சொந்த ஊர் மஞ்சூர் பக்கம், வேலை கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ. அப்பா அம்மா ஊர்ல, கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் காய்கறித் தோட்டம். கொழுந்து விலை எப்போ ஏறும் எப்போ இறங்கும்னு யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால ஏற்கனவே பத்துப் பதினைஞ்சு நாட்டுக்கோழி மேயுது. இந்த இடத்துலதான் அந்த ஐடியா வருது: "அதுங்க கூடவே பத்து வான்கோழி விட்டா என்ன? தனிக் கொட்டகை வேண்டாம், தனி ஆள் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வித்தா நல்ல காசு."

கேட்க டைவர்சிஃபிகேஷன் மாதிரியே இருக்கு. ஒரு வருமானம் விழுந்தா இன்னொன்னு தாங்கும்னு நினைக்கிறோம். ஆனா ஒரே செக்டர்ல ரெண்டு ஃபண்ட் வாங்கிட்டு "நான் பரவலா போட்டிருக்கேன்"னு சொல்றவரை நம்ம சேனல்ல எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்போம்? இது அதைவிட ஒரு படி மேல. இங்க நாட்டுக்கோழி நல்லா இருக்கும்போதே வான்கோழியைச் சாய்க்க முடியும்.

காரணம் கருந்தலை நோய். பேர் அப்படி இருந்தாலும் தலை கறுக்கணும்னு அவசியமில்லை. ஹிஸ்டோமோனாஸ் என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, பறவையோட குருட்டுக்குடலையும் கல்லீரலையும் தாக்குது. பறவை சோர்ந்து நிற்கும், இறக்கை தொங்கும், எச்சம் கந்தக மஞ்சள் நிறத்தில் போகும். வான்கோழிக் கூட்டத்தில் புகுந்தால் பத்தில் ஏழு, சில சமயம் மொத்தமும் போயிடும். அதே கிருமி நாட்டுக்கோழி உடம்பில் இருந்தா பெரும்பாலும் வெளியில ஒண்ணும் தெரியாது. கோழி பாட்டுக்கு முட்டை போட்டுட்டு, மேய்ஞ்சுட்டு, எச்சத்தோட கிருமியைப் பரப்பிட்டே இருக்கும்.

பரவுற வழியை மட்டும் கொஞ்சம் நிதானமா பாருங்க, மொத்தக் கணக்கும் இதுலதான் இருக்கு. இந்தக் கிருமி வெறுமனே வெளியில கிடந்தா சில மணி நேரத்துல செத்துடும். ஆனா கோழியின் குருட்டுக்குடலில் வாழ்ற சின்ன உருளைப் புழுவோட முட்டைக்குள்ள ஏறி உட்கார்ந்துக்கும். அந்த முட்டை ஈரமான மண்ணில் வருஷக்கணக்கில் தாங்கும். மண்புழு அந்த முட்டையைத் தின்னும், வான்கோழி மண்புழுவைத் தின்னும். அவ்வளவுதான்.

மண்ணைக் கிளறிப் பாருங்க, மழைக்காலத்து மஞ்சூரில் மண்புழுவுக்குப் பஞ்சமே இல்லை. தென்மேற்குப் பருவமழை குந்தா பக்கம் எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். சமவெளியில் வெயிலில் காயுற மேய்ச்சல் நிலத்தைவிட, நிழலும் ஈரமும் உள்ள நம்ம மலை மண் அந்தப் புழு முட்டைக்கு வசதி. வருஷக்கணக்கா கோழி மேய்ஞ்ச பின்வாசல் இடம்தான் வான்கோழிக்கு ஆபத்து அதிகமான இடம். அதைத்தான் நாம "தனி செலவே இல்லை"ன்னு இலவசமா எண்ணிக்கிட்டிருக்கோம்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1890-களிலேயே இந்த நோய் வான்கோழி வளர்ப்பைப் படுக்க வைத்தது. 1895-ல் தியோபால்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் ஒட்டுண்ணியை விவரித்தார். உருளைப் புழு முட்டைதான் வாகனம் என்பது 1920-ல் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேலாச்சு, மருந்து வந்திருக்கும்னு நினைப்பீங்க. அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றிருந்த கடைசி மருந்து நைட்டார்சோன். ஆர்சனிக் கலந்தது என்பதால் 2015 முடிவோடு அதையும் சந்தையிலிருந்து எடுத்துட்டாங்க. அதனால் "வந்தா ஊசி போட்டுக்கலாம்"ங்கிற பிளான் பி-யை நம்பி இறங்காதீங்க.

சரி, எக்செலுக்கு வருவோம். கீழே இருக்கிற விலை எல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டது. உங்க ஊர் விலையை மாத்திப் போட்டுக்கோங்க.

ஆறு வாரக் குஞ்சு 10, ஒண்ணு ₹400 என்று ₹4,000. அங்கிருந்து 20 வாரம் வரைக்கும் ஒரு பறவைக்குச் சராசரியா 19 கிலோ தீவனம், கிலோ ₹40. ஒண்ணு எப்படியும் போயிடும்னு வச்சு 9 பறவை மிஞ்சினால் தீவனம் சுமார் ₹7,000. மருந்து, கூளம், சில்லறைச் செலவு ₹1,000. தனிக் கொட்டகையும் கம்பி வலை வேலியும் ₹12,000, அது மூணு பேட்ச்சுக்குத் தாங்கும். விற்கும்போது ஒரு பறவை சராசரி 6 கிலோ உயிர் எடை, கிலோ ₹400. நாட்டு ரகம்னா எடை இதைவிடக் குறையும், அதையும் கவனத்துல வச்சுக்கோங்க.

தனிக் கொட்டகை போட்டு, மூணு பேட்ச்சும் ஒழுங்கா வந்தால்: ஒரு பேட்ச் வரவு ₹21,600, செலவு ₹12,000, மிச்சம் ₹9,600. மூணு பேட்ச்சுக்கு ₹28,800. கொட்டகைச் செலவைக் கழிச்சா ₹16,800.

கோழியோட சேர்த்து விட்டு, நோயே வரலைன்னா: முழு ₹28,800 கையில். இதைத்தான் எல்லாரும் மனசுல கணக்குப் போடுறாங்க.

சேர்த்து விட்டு, மூணில் ஒரு பேட்ச்சில் நோய் வந்து 2 பறவைதான் மிஞ்சினால்: அந்த பேட்ச்சில் வரவு ₹4,800. செத்ததும் பாதி வழி வரைக்கும் தின்னிருக்கும், அதனால் செலவு ஏறக்குறைய ₹8,760. அதாவது ₹3,960 நஷ்டம். மூணு பேட்ச் சேர்த்து ₹15,240. தனிக் கொட்டகைக்காரரைவிட அப்பவே கீழ.

ரெண்டு பேட்ச்சில் வந்தால் ₹1,680. ஒண்ணரை வருஷ வேலைக்கு!

இந்த ரெண்டாவது அடிதான் முக்கியம். பங்குச் சந்தையில ஒரு மோசமான வருஷத்துக்கு அப்புறம் நல்ல வருஷம் வரலாம். இங்க முதல் பேட்ச் செத்த மண்ணிலேயே அடுத்த பேட்ச்சையும் விடுறோம், பக்கத்துல அதே கோழிகள் அதே புழுவோட மேயுது. ஒரு தடவை வந்தால் அடுத்த தடவையும் வர்ற வாய்ப்பு கூடத்தான் செய்யும். அந்த ₹12,000-ஐக் கொட்டகைச் செலவா பார்க்காதீங்க, டெர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி பாருங்க.

இன்னொரு எண்ணும் இருக்கு. ஆறாம் வாரத்திலிருந்து இருபதாம் வாரம் வரை 98 நாள். தினம் ஒரு மணி நேரம்னு வச்சாலும் 98 மணி நேரம். தனிக் கொட்டகைக் கணக்குல ஒரு பேட்ச் லாபம் ₹5,600. மணிக்கு சுமார் ₹57. அந்த உழைப்பு உங்களோடது இல்லை, அம்மாவோடது. வீக்எண்டுக்கு வந்து ரீல்ஸ் எடுக்குறது நீங்க. அவங்களுக்குப் பிடிச்சிருக்கா, இடுப்பு வலி இருக்கான்னு முதல்ல கேளுங்க.

பிரிச்சு வளர்க்கிறதுன்னா எப்படி?

நடுவுல ஒரு வேலி மட்டும் போட்டா போதாது. கோழி இதுவரை மேயாத இடம் வேணும். கோழி எரு போட்ட கேரட் தோட்டம்னா அதுவும் கணக்குல வராது. வான்கோழிப் பக்கம் போக தனி ரப்பர் பூட்ஸ், தனி மண்வெட்டி, தனித் தீவனத் தட்டு. தினமும் முதல்ல வான்கோழியைக் கவனிச்சுட்டு அப்புறம் கோழிப் பக்கம் போகணும், தலைகீழா போகக் கூடாது. இடமே இல்லாத வீட்டுக்கு, ஆட்டுக்குப் போடுற மாதிரி பரண் கொட்டகை நல்ல வழி. எச்சம் கீழே விழுந்துடும், மண்புழு வாய்க்கு எட்டாது. மலையில் இதுக்கு இன்னொரு லாபம், கால் எப்பவும் ஈரத்துல நிற்காது. நாட்டுக்கோழிகளுக்கும் கால்நடை மருத்துவர் சொல்ற இடைவெளியில் குடற்புழு நீக்கம் பண்ணிடுங்க.

பலர் விழுற குழி ஒண்ணு இருக்கு: வான்கோழி முட்டையை அடைக்கோழிக்கு வைக்கிறது. இன்குபேட்டர் காசு மிச்சம், கோழியே தாயாகவும் இருக்கும். பொரியுறதுல சிக்கல் இல்லை, கோழி முட்டைக்கு 21 நாள், வான்கோழிக்கு 28 நாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா பொரிஞ்ச முதல் நாள்லயே குஞ்சு அந்தக் கோழியோட எச்சத்துலதான் கொத்தி விளையாடும்.

தீவனத்திலும் சேர்ந்து வளர்ப்பு செலவை இழுக்கும். வான்கோழிக் குஞ்சுக்கு ஆரம்பத்தில் 28 சதவீதம் வரை புரதம் தேவை, கோழிக்குஞ்சுத் தீவனம் அந்த அளவுக்கு வராது. முட்டைக்கோழித் தீவனத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து வளர்ற வான்கோழிக்கு அதிகம். இதையெல்லாம்விட ஒண்ணு: பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கிற சாலினோமைசின் வான்கோழிக்கு விஷம். மூட்டையில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்காம வாங்காதீங்க.

கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒரு காலக்கணக்கும் இருக்கு. டிசம்பர் நடுவில் 20 வாரம் ஆகணும்னா குஞ்சு ஜூலை கடைசியில் பொரிஞ்சிருக்கணும். அதாவது குந்தாவில் மழை கொட்டுற நேரம். ஒரு நாள் குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு கொடுக்கணும், அப்புறம் வாரா வாரம் குறைக்கணும். மஞ்சூர் குளிர்ல, கரண்ட் போய் வர்ற ராத்திரியில், அதை அம்மா தலையில் கட்டுறது நியாயமில்லை. தவிர வான்கோழிக் குஞ்சு தானா தின்னப் பழகாது. பக்கத்துல கலர் கோலிக்குண்டு போட்டு, தண்ணியில் பால் கலந்து, அவிச்ச முட்டை கொடுத்துப் பழக்குவாங்க. அதனாலதான் கணக்கில் ஆறு வாரக் குஞ்சு போட்டேன். விலை கூட, ஆனா செப்டம்பரில் வாங்கினா போதும்.

ரகம் கேட்டால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 இருக்கு. கறுப்பு நாட்டு ரகத்தையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளையையும் கலந்தது. குன்னூரில் உபாசி நடத்துற வேளாண் அறிவியல் மையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. ராத்திரிக்குப் பலமான கதவு கட்டாயம். சிறுத்தையும் கரடியும் வர்ற ஊர்ல வெறும் கோழிவலை நிற்காது.

யாராவது "டெபாசிட் கட்டுங்க, குஞ்சு நாங்க தர்றோம், மாசாமாசம் பணம் நிச்சயம், வாங்கிக்கவும் நாங்களே"ன்னு வந்தா, பெருந்துறை சுசி ஈமு ஃபார்ம்ஸ் 2012-ல் எப்படி முடிஞ்சதுன்னு அப்பா கிட்ட கேளுங்க. நம்ம பக்கத்து ஜனங்களுக்கு மறந்திருக்காது.

கடைசியா வரி. பலர் "விவசாய வருமானம்தானே, வரி இல்லை"ன்னு விட்டுடுறாங்க. கோழி, வான்கோழி வளர்ப்பு வருமானம் விவசாய வருமானத்தில் சேராது, அது பிசினஸ் வருமானம். உங்க பணம், உங்க பேர்ல விற்பனைன்னா ஐடிஆர்-1 போட முடியாது. உத்தேச வருமான முறையில் காட்டினால் ஐடிஆர்-4. நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. பெற்றோருக்குப் பணத்தை அன்பளிப்பா கொடுத்து, அவங்களே நடத்தி அவங்க பேர்லயே வித்தா வருமானம் அவங்களோடது. அதுக்கு வங்கி வழியா ஒரு டிரான்ஸ்ஃபரும், அவங்க கையெழுத்தில் ஒரு சின்ன வரவு செலவு நோட்டும் இருந்தா நல்லது. செத்த பறவைகளையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதச் சொல்லுங்க, மருத்துவர் முதல்ல கேட்கிறது அதைத்தான்.