பார்ட் டூ ஆர்டரில் உங்கள் மனைவி பெயர் சரியாக இருக்கிறதா?

கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, மஞ்சள் பையில் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் ஓரம் கிழிந்த நகலையும் எடுத்துக்கொண்டு வரும் பெண்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். "எல்லாத்தையும் அவர்தாங்க பார்த்துக்கிட்டார்" என்பார்கள். தாளைப் பிரித்தால், வசந்தா என்ற பெயர் பஸந்தா என்று பதிவாகியிருக்கும். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். சிலருக்கு மனைவி பெயரே இருக்காது. நாட்டுக்காக இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவரின் மனைவி, தான்தான் அவர் மனைவி என்று நிரூபிக்க தாலுகா அலுவலகத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே அலையத் தொடங்குகிறார்.

தமிழ்நாட்டிலிருந்து ராணுவப் பொறியாளர் படைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சேர்வது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில். 1780இல் தொடங்கிய படை அது. அதன் தலைமையிடம் பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம். மெட்ராஸ் சாப்பர்கள் என்றும், செல்லமாகத் தம்பிகள் என்றும் சொல்வார்கள். 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது சூரல்மலையில் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை இரவு பகலாக நின்று கட்டியவர்கள் இவர்கள்தான். ஒரு போல்ட் குறைந்தாலும் வண்டியை விடமாட்டார்கள். அத்தனை கவனமான மனிதர்கள் தங்கள் குடும்பத்தின் ஒரு தாளை மட்டும் பார்க்காமல் விட்டுவிடுவது எனக்குப் பெரிய ஆற்றாமை.

எப்படி விட்டுப்போகிறது என்று சொல்கிறேன். பையன் பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்கிறான். பயிற்சி முடிந்து லடாக், அருணாசலம் என்று பாலமும் ரோடும் போடப் போய்விடுகிறான். லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு, லீவு முடிந்ததும் பெண்ணை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வண்டி ஏறுகிறான். கல்யாணம் ஆன விவரத்தை யூனிட்டில் சொல்ல வேண்டும். யூனிட் அதைப் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு ஆணையாக வெளியிட வேண்டும். அது பெங்களூரு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் அவனுடைய ஆவணத்தில் ஏற வேண்டும். குழந்தை பிறந்தாலும் இதே வழி. மனைவி இறந்தாலும், விவாகரத்து ஆனாலும் இதே வழி. ஆனால் இவன் வாயால் பெயரைச் சொல்லுவான், தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்தபடி எழுதுவார், இவன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவான். இரண்டாவது குழந்தை பிறந்த சமயம் ஏதோ மலை முகாமில் இருந்திருப்பான். அடுத்த லீவில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது விட்டதுதான்.

சிப்பாயாகவோ ஹவில்தாராகவோ இருப்பவர் நாற்பதை ஒட்டி ஓய்வு பெறுகிறார். வெளியே வரும் வாரங்களில் கட்டுக்கட்டாகத் தாள்கள் நீட்டப்படும். மனம் ஊருக்குப் போய்விட்டிருக்கும். அப்போதும் படிக்காத கையெழுத்து. அதன்பின் செக்யூரிட்டி வேலை, மகள் படிப்பு, வீட்டுக் கடன். பி.பி.ஓ. பீரோவுக்குள் போனது போனதுதான்.

இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புத்தகம், மனைவியின் ஆதார், பான் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிடுங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் பி.பி.ஓ.வில் இனிஷியலாகவும் இருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். கணினி அதை இரண்டு ஆளாகத்தான் பார்க்கும். பிறகு ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து குடும்ப விவரத்தைப் பாருங்கள். தெரியாதென்றால் பொதுச் சேவை மையத்துக்கோ, ராணுவ ஓய்வூதியதாரர்களுக்கான டி.பி.டி.ஓ. அலுவலகத்துக்கோ போங்கள். வங்கிக் கிளைக்குப் போய், "நாங்க பாத்துக்கறோம் சார்" என்ற பதிலை நம்பித் திரும்பாதீர்கள். ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகு ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு வழங்குவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம். வங்கி உங்கள் கணக்கை வைத்திருக்கும் இடம் மட்டுமே.

தவறு இருந்தால் திருத்தம் தொடங்குவது ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில். நேராகப் பிரயாக்ராஜுக்கு எழுதினால் ரெக்கார்ட்ஸுக்குப் போ என்றுதான் பதில் வரும். அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவரே கையெழுத்திட்ட விண்ணப்பம் வேண்டும். அதில் படை எண், பதவி, பி.பி.ஓ. எண், என்ன தவறு, எது சரி என்று தெளிவாக எழுத வேண்டும். இணைப்பாகத் திருமணப் பதிவுச் சான்றிதழ், இருவர் ஆதார், பான் நகல்கள், டிஸ்சார்ஜ் புத்தக நகல், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம், நோட்டரி முன் செய்த உறுதிமொழிப் பத்திரம். பெயரே வேறாக இருந்தால் செய்தித்தாளிலும் விளம்பரம் கேட்பார்கள். படை எண்ணோடு கணவர் பெயர் போட்டு, 'இன்னார் மனைவியாகிய நான்' என்று தொடங்கும் சின்ன விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இதற்காகக் கொடுத்தவை.

திருமணம் பதிவாகவில்லையா? பழைய திருமணம் என்றாலும் இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்யலாம். இருவரும் உயிரோடு இருந்தால் இது சில நாள் வேலை. ஒருவர் போய்விட்டால்? இந்த வாசல் அடைபட்டுவிடும். பிள்ளையின் பிறப்பே பதிவாகவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுப் பதிய வேண்டும்.

எல்லாவற்றையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். சோல்ஜர் போர்டு என்றால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள். அங்கே மேலொப்பம் வாங்கி, ரெக்கார்ட்ஸுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ரசீதையும் அனுப்பியவற்றின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். ரெக்கார்ட்ஸ் பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பிரயாக்ராஜுக்குத் தகவல் அனுப்பி, திருத்திய பி.பி.ஓ. வந்தால்தான் வேலை முடிந்தது. பார்ட் டூ ஆர்டர் வந்துவிட்டது என்று பாதியில் நின்றுவிடாதீர்கள். அது ரெக்கார்ட்ஸுக்குள் நடந்த திருத்தம். பணம் வருவது பி.பி.ஓ.வின்படி.

வங்காள சாப்பர்களில் இருந்தவர்களுக்கு ரெக்கார்ட்ஸ் ரூர்க்கியில். பம்பாய் சாப்பர்களுக்குப் புனே அருகே கிர்க்கியில். அதிகாரிகளாக ஓய்வு பெற்றவர்களின் ஆவணம் டெல்லியில், ராணுவத் தலைமையகத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல் கிளையில். எல்லோருக்கும் பெங்களூரு என்று நினைத்துத் தபாலை வீணாக்க வேண்டாம்.

பெயர் ஏறாமலே கணவர் இறந்துவிட்டால் உரிமை போய்விடாது; பாதைதான் கடினம். தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை, பழைய புகைப்படங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயர் என்று திரட்டி அதே சோல்ஜர் போர்டு வழியாக ரெக்கார்ட்ஸுக்கு எழுத வேண்டும். அவர்கள் ஏற்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் மனைவி என்று பிரகடனம் வாங்க வேண்டியிருக்கும். எழுபது வயதுப் பெண்ணை இந்த நிலைக்குத் தள்ளாதீர்கள். கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இழப்பு எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு. கணக்கில் எடுக்கும் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அதில் 30 சதவீதம், அதாவது 12,000. ஓய்வுக்குப் பின் கணவர் இறந்தால் முதல் 7 ஆண்டுகளுக்கு, அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரை, உயர்த்திய விகிதமான 50 சதவீதம், 20,000 கிடைக்கும். அகவிலைப்படி தனி. பெயர்த் தவறால் ஒரு வருடம் இழுத்தால் எத்தனை லட்சம் முடங்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். நிலுவை பின்னால் வரும், சரி. இந்த மாத மருந்துக்கு யார் கொடுப்பது?

இறப்பை உடனே தெரிவிக்காமல் இருப்பது இன்னொரு பெரிய தவறு. அப்பா இறந்த பிறகும் மகன் ஏ.டி.எம். அட்டையில் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டே இருப்பான். "அம்மாவுக்குத்தானே செலவு பண்றேன்" என்பான். அரசு அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும். பிடித்தம் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் விழும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஸ்பர்ஷ் தளத்தில் இறப்பைப் பதிவு செய்யுங்கள். அதுவரை அந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். ஓய்வூதியக் கணக்கை இப்போதே மனைவியோடு சேர்த்த கூட்டுக் கணக்காக வையுங்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், பெற்றோருக்குப் பின் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் அவருக்கு உண்டு. மருத்துவச் சான்றோடு அந்தப் பெயர் முன்கூட்டியே ஆவணத்தில் ஏற வேண்டும். விவாகரத்தான மகளுக்கும் வழி உண்டு. ஆனால் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து வழக்கு நீதிமன்றத்தில் தாக்கலாகியிருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பிரிந்து வந்த மகளுக்கு இந்த விதி எதுவும் தராது. கௌரவம் பார்த்து வழக்கைத் தள்ளிப்போடும் தகப்பன்மார்கள் இதைக் கவனியுங்கள்.

உயிர்வாழ் சான்று ஆண்டுக்கு ஒரு முறை. அதைப் பதிவு செய்யும் ஜீவன் பிரமாண் செயலியில் ஓய்வூதியம் வழங்குவது யார் என்ற கேள்விக்குப் பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று போக வேண்டிய இடத்துக்குப் போகாது, ஓய்வூதியம் நிற்கும். ஸ்பர்ஷ் என்று தேர்ந்தெடுங்கள். சான்றைப் புதுப்பிக்கிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஸ்பர்ஷோ ரெக்கார்ட்ஸோ போனில் ஓ.டி.பி. கேட்காது. பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பியதற்குப் பதில் வரவில்லை என்றால் சும்மா உட்காராதீர்கள். மத்திய அரசின் குறைதீர் தளமான சி.பி.கிராம்ஸில், ஸ்பீடு போஸ்ட் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டுப் புகார் பதியுங்கள். பாதுகாப்பு அமைச்சகம் நடத்தும் ஓய்வூதிய அதாலத் உங்கள் பக்கம் வரும்போது, எல்லா நகல்களோடும் மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அங்கும் தீரவில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. தீர்ப்பாயம் முதலில் கேட்பது நீங்கள் எழுதிய கடிதங்களும் அவற்றை அனுப்பிய ரசீதுகளும். கோப்பு ஒன்று போட்டு, அது வீட்டில் எங்கே இருக்கிறது என்பதை மனைவிக்கும் ஒரு பிள்ளைக்கும் இன்றே காட்டிவிடுங்கள்.