மாத்திரை அட்டையில் இல்லாத கணக்கு

யானைக்கவுனி மெடிக்கல் ஷாப்ல ஒரு மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பாருங்க பாஸ். விலை, காலாவதி தேதி எல்லாம் இருக்கும். அந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்துச்சு? அதைக் கணக்குலகூட காட்ட வேண்டாம், மொத்தத் தொகை போதும்னு 2017-ல் சட்டத்தையே திருத்தினாங்க!

அரபிந்தோ பார்மாவைப் பாருங்க. டெல்லி மதுபான வழக்கில் அதன் இயக்குநர் ஒருவர் 2022 நவம்பர் 10 அன்று கைது. ஐந்தே நாளில் கம்பெனி 5 கோடிக்குத் தேர்தல் பத்திரம் வாங்கியது. அதைப் பணமாக்கியது பி.ஜே.பி. (பி.ஆர்.எஸ். கட்சிக்கும் இந்தக் கம்பெனியிடமிருந்து 15 கோடி போயிருக்கு.) ரெண்டுக்கும் முடிச்சு இருக்கான்னு நாம சொல்ல முடியாது. ஆனா, தேதியாவது தெரியவேணாமா?

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பத்திரத் திட்டத்தையும் அந்தத் திருத்தத்தையும் ரத்து செய்த பிறகுதான் பட்டியலே வெளியில் வந்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு மருந்துக் கம்பெனி வருதா? அதன் ஆண்டறிக்கையில் 'அரசியல் நன்கொடை' வரியையும் தேடிப் பாருங்க.