விருந்தும் விடுதியும்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறியாதான் ஒருவன் வாயிலில் வந்து நின்றால், அவனுக்கும் அதுவே பெயராயிற்று; பின்னர் அவனுக்கு இடும் உணவையும் அச்சொல் குறிக்கலாயிற்று. விடுதி என்பதோ 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. வழிநடந்தவன் தன் சுமையை இறக்கிவிடும் இடம் அது. முன்னது இல்லறத்தாரின் கடமை. பின்னது காசு கொடுத்துப் பெறுவது. காசு கைமாறியதும் அறமும் கைநழுவிப் போகலாமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

துறைமுகத்துக்கு அணித்தாய், செட்டியார் தெருவையும் கொட்டாஞ்சேனையையும் அயலாகக் கொண்டு விளங்குவது ஜிந்துப்பிட்டி. சிவசுப்பிரமணியர் கோயிலும் தோமையார் தேவாலயமும் அருகருகே நிற்கும் இப்பகுதியிலே, புதியவர் வந்திறங்குவதும், நாளடைவிற் பழையவராவதும் இயல்பு. இங்கே 'ஹோட்டல்' என்று பலகை தொங்கும் இடத்திற் பெரும்பாலும் சோறு உண்டு, படுக்கை இல்லை. படுக்கை வேண்டுவோர் 'லொட்ஜ்' எங்கே என்று கேட்டல் வேண்டும். அயல்நாட்டார் பலர் முதல்நாளே கற்கும் பாடம் இது.

நமக்கும் பிறநாட்டிலே பாடங்கள் உண்டு. சில ஆண்டுகளின் முன், ஏடு பார்க்கும் வேலையாகச் சென்னைக்குச் சென்ற யான், திருவல்லிக்கேணியில் மலிவான விடுதியொன்றிற் புகுந்தேன். எழுத்தர் என் கடவுச்சீட்டைக் கண்டதும், "அறை இல்லை, ஐயா" என்றார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துள் அதிகாரிகளுக்கு அறிவித்தல் இந்தியாவில் விடுதிக்காரர் கடன். அந்த அலுவலுக்குச் சோம்பினாரோ, ஈழத்தவன் என்பதற்கு அஞ்சினாரோ, அறியேன். நெடுநேரம் கேட்டு நின்றபின் மாடிப்படியின் கீழ் ஓர் அறை கிடைத்தது. சுவரிலே ஈரம், குழாயிலே காற்று, தலையணையிலே முன்னவர் தலையெண்ணெய். இவை விடிந்தால் மறக்கும் குறைகள். ஆயின், "அறை இல்லை" என்று அவர் சொன்ன வேளையில் அவருக்குப் பின்னே பலகையில் ஆறேழு திறவுகோல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை யான் இன்னும் மறந்திலேன்.

இச்சொல் பெரியாரையும் விட்டுவைக்கவில்லை. 1893 ஆம் ஆண்டில், இருபத்துமூன்று வயது வழக்கறிஞராய்த் தென்னாபிரிக்கா சென்ற காந்தியடிகள், ஜொகான்னஸ்பேர்க் நகரிலே கிராண்ட் நேஷனல் ஹோட்டலில் அறை கேட்டார். மேலாளர் அவரை ஒருகணம் ஏற இறங்கப் பார்த்து, இடம் நிறைந்துவிட்டது என்றார். பின்பு பிரிட்டோரியாவில் ஜான்ஸ்டன் என்பார் தம் சிறு விடுதியில் இடம் அளித்தார். ஆயினும் உணவைத் தம் அறையிலேயே உண்ணவேண்டும் என்பது நிபந்தனை. சிறிது நேரத்தில் அவரே திரும்பி வந்து, மற்ற விருந்தினரைக் கேட்டதாகவும், காந்தியடிகள் பொதுக்கூடத்தில் உண்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை என்றும் கூறினார். பிறர் என் நினைப்பாரோ என்னும் அச்சமே கதவை அடைத்தது. ஒருவர் துணிந்து கேட்டதும் அது திறந்துவிட்டது.

அமெரிக்காவிலோ இவ்வச்சம் வழக்கமாகவே நிலைத்திருந்தது. கறுப்பின மக்களுக்கு இடந்தரும் விடுதிகளைத் தொகுத்து, 1936 முதல் விக்டர் கிறீன் என்னும் தபாற்காரர் கைந்நூல் வெளியிட வேண்டியதாயிற்று. 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமே அந்நாட்டு விடுதிகள் நிறம் பார்த்து மறுப்பதைத் தடைசெய்தது.

இனி நம் நகருக்கு வருவோம். 2006 ஆகஸ்டில் முகமாலையிலே ஏ-9 நெடுஞ்சாலை அடைபட்டது. யாழ்ப்பாணத்தார் கப்பலேறியும் விமானமேறியும் கொழும்புக்கு வந்தனர். கடவுச்சீட்டுக்காகவும், மருத்துவத்துக்காகவும், வேலைக்காகவும் வந்தவர்கள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை விடுதிகளிலே நாட்களை எண்ணிக்கொண்டிருந்தனர். 2007 ஜூன் 7 ஆந் திகதி, விடியுமுன் பொலிசார் அவ்விடுதிகளுட் புகுந்தனர். 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டனர். அவர்களுட் பெண்கள் 85 பேர். பெரும்பாலோர் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தக்க காரணமின்றித் தலைநகரில் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மீது கூறப்பட்ட குற்றம்.

மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று, உயர்நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. 10 ஆந் திகதி பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 14(1)(எச்) உறுப்புரையிலே, நாட்டுக்குள் நடமாடவும் வதியுமிடத்தைத் தெரிந்துகொள்ளவும் குடிமகனுக்கு உரிமை தந்துள்ளது. தன் நாட்டுத் தலைநகரிலே அவன் விருந்தினன் அல்லன், உரியவன். ஏன் இங்கே தங்கினாய் என்று வினவப்படுதல் ஈரச்சுவரினும் மூட்டைப்பூச்சியினும் கொடிது.

அவ்வாண்டிற் பிறந்த பிள்ளைகள் உயர்தர வகுப்புப் பருவத்தை எட்டிவிட்டனர். அவர்களுக்குச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையைக் கற்பிக்கும்போது மாதரியைச் சற்று நின்று நோக்குதல் நலம். ஊரும் உறவும் இல்லாத கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் அவளிடம் அடைக்கலம் தந்தார். அந்த ஆய்ச்சி, அவர்களுக்குத் தனிமனையும், சமைக்கக் கலங்களும், துணைக்குத் தன் மகள் ஐயையையும் தந்தாள். கோவலன் கொலையுண்டது அவள் குற்றமன்று, அரண்மனையின் குற்றம். எனினும் அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று கருதி அவள் தீப்பாய்ந்தாள்.

தீப்பாயும்படி இன்றைய விடுதிக்காரரை எவரும் கேட்கவில்லை. தூய விரிப்பும், ஓடும் நீரும், தொங்கும் திறவுகோலைப் பற்றி உண்மைச்சொல்லும் போதும். பதிவேடு எழுதுதல் சட்டத்தின் கடன். ஆயின் அதனை ஆள் சலிக்கும் அரிப்பாக்குதல் தகாது. வாடகை பெறாத மாதரியே அத்துணைப் பொறுப்பை ஏற்றாளெனின், வாடகை வாங்குவார்க்கும், வரி வாங்கும் அரசுக்கும் எத்துணைப் பொறுப்பு உண்டு என்பதை நம் மாணாக்கரே கணக்கிட்டுச் சொல்லட்டும்.