கதிரையும் லாச்சியும்

வேலணையில் எம் பாட்டனார் வீட்டிலே ஒரு முதிரை மேசை இருந்தது. இரண்டு லாச்சிகள் உடையது. தீவகத்து மண்ணிலே பனையன்றி முதிரைக்காடு ஏது? வன்னியில் அரிந்த மரம் தோணியேறி வந்ததென்பர். 1990இல் யாம் ஊரைவிட்டுப் பெயர்ந்தோம். பல ஆண்டு கழித்து மீண்டபோது மேசை இல்லை, கதவுநிலைகளும் இல்லை. எவர் கொண்டுபோயினர் என ஆராய்வதிற் பயனில்லை. ஆயினும், மரம் போகும் வழியைத் தேடிப் படிக்கும் பழக்கம் அன்றுதொட்டு எனக்கு உண்டாயிற்று.

மேசை என்பது போர்த்துக்கேயச் சொல். கதிரை, அலுமாரி, சன்னல் என்பனவும் அவ்வாறே. லாச்சியோ ஒல்லாந்தர் தந்தது. ஒரே தளபாடத்தில் உடல் ஒருவர் மொழி, உள்ளறை மற்றவர் மொழி! வகுப்பிலே இதைச் சொன்னால் மாணாக்கர் நகைப்பர்.

இவ்விரு நாட்டாரும் வெப்பநாட்டு வன்மரத்தைக் கொண்டுசென்ற முறையும் வேறுவேறு. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், தேக்கு விளையும் மேலைக்கரையிலேயே கப்பல் கட்டினர். கோவா, கொச்சி, வசாய், டாமன் ஆகிய துறைகளிலே மரம் கப்பலாகியே கடல் கடந்தது. அவ்வழக்கத்தின் பிற்காலச் சான்று இன்றும் உண்டு. 1843இல் டாமனில் நீரில் இறக்கப்பட்ட 'தொம் பெர்னாந்து' என்னும் தேக்குக்கப்பல், லிஸ்பனுக்கு எதிர்க்கரையிலே காட்சிப்பொருளாய் நிற்கின்றது. சாயமரம் மட்டும் கட்டையாகவே சென்றது. ஆசியச் சப்பங்கிக்கு ஐரோப்பியர் இட்டிருந்த 'பிரேசில்' என்னும் பெயர் அமெரிக்க மரத்துக்கும், பின் ஒரு தேசத்துக்குமே ஆகிவிட்டதைச் சொல்லாராய்ச்சியாளர் மறக்கலாகாது.

1658இல் வந்த ஒல்லாந்தர் வேறு இயல்பினர். கப்பலுக்குரிய ஓக்கு மரத்தைப் பால்டிக் கரையிலிருந்தும் ரைன் ஆற்றுவழியாலும் வருவித்துக் காற்றாலையால் அறுத்தவர்கள். கீழைக் கடலிலே அவர்கள் நாடியது சிற்றளவில் பெருவிலை தரும் கருங்காலியை. 1638இல் மொரீசியசிற் குடியேறி அதனை வெட்டினர். 1710இல் அத்தீவைக் கைவிட்டனர். ஆம்ஸ்டர்டாம் தச்சர் அதனைப் படச்சட்டமும் பேழையும் ஆக்கினர். அந்நூற்றாண்டின் ஒல்லாந்த ஓவியங்களைச் சூழ்ந்த கருஞ்சட்டங்கள் பல இத்தகையன. எம் பனைக்கோ ஐரோப்பிய யோகம் இல்லை. பாரம் பெரிது, விலை சிறிது; ஆதலின் கைமரமும் சலாகையுமாகக் கொழும்புக்கும் சோழமண்டலக் கரைக்குமே சென்றது. அவர்கள் வேலணைத்தீவுக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் ஊர்ப்பெயர்களை மட்டும் தாராளமாக இறக்குமதி செய்தனர்!

இன்று ஒல்லாந்தர் தம் நீர்வாயிற் கதவுகளுக்கும் கரைத்தூண்களுக்கும் மேற்காபிரிக்க அசோபே மரத்தை வாங்குகின்றனர். போர்த்துக்கல்லோ அயல்மண்ணிலிருந்து வந்த யூக்கலிப்டசைத் தன் மண்ணிலேயே பெருங்காடாய் வளர்த்து வைத்திருக்கின்றது. இரு நாட்டையும் பிணிக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமொன்று 2023இல் இயற்றப்பட்டது. மரத்தை இறக்குவோர் அது நின்ற நிலத்தையே இடங்குறித்துக் காட்டல் வேண்டுமென்பது அதன் விதி. நடைமுறைக்கு வருவதோ இருமுறை பிற்போடப்பட்டது. கருங்காலி போன காலத்தில் இவ்வாறு கேட்பார் ஒருவரும் இலர்.

அண்மையில் யான் புதிதாக ஒரு மேசை வாங்கினேன். எக்காட்டு மரம் என்று கடைக்காரரை வினவினேன். "மலேசியா, பண்டிதர் ஐயா" என்றார். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. லாச்சி ஒன்றுதான், மழைக்காலத்தில் இறுகிக்கொள்கின்றது.