முறிந்த இடம் - 14: உட்கார்ந்து செய்கிற வேலை

போன வாரம் விபத்தோடு நிறுத்தியிருந்தேன். 1954 ஜனவரி, கவிழ்ந்த வண்டி, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போன வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ். விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவர் தொடங்கிய மறுவாழ்வுத் துறையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தைய ஒரு சங்கதி என்னை நகரவிடவில்லை.

கையில் செய்யும் ஆபரேஷனை சர்ஜன்கள் உட்கார்ந்துதான் செய்கிறார்கள்.

அவ்வளவுதான் சங்கதி. வயிற்றைத் திறக்கிறவர் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மேரிக்கு நாட்டமிருந்த மகப்பேறு மருத்துவத்திலும் நின்றுதான் ஆக வேண்டும். கைக்கு அப்படியில்லை. நோயாளியின் கையைப் பக்கவாட்டில் ஒரு சின்ன மேஜைமேல் நீட்டி வைத்துவிடுவார்கள். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையை ஊன்றிக்கொள்வார். நூலளவு நரம்புகளுக்கு நடுவே கத்தி போகிறது, நடுங்கக் கூடாது. அந்த ஸ்டூலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சக்கர நாற்காலியை நிறுத்தினால் என்ன கெட்டுப்போகும்?

இந்தக் கணக்கைப் போட்டு மேரியிடம் சொன்னவர் பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர், மிஷனரி வீட்டுப் பிள்ளை. (அவருடைய அம்மா ஈவ்லின் கிழவியான பிறகும் மலையை விட்டு இறங்க மறுத்தவர். அந்த அம்மாளுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.) 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைப் பார்த்து அரண்டுபோனார். விரல்கள் உள்பக்கமாக மடங்கி, பறவையின் நகம் மாதிரி இறுகிக் கிடந்தன. சதை அழுகி விழுகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் பார்த்துச் சொன்னது வேறு. சதை நல்ல சதைதான், வலிதான் இல்லை. அடுப்பில் கிடக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறார்கள், சுடுவது தெரியவில்லை. காயம்பட்ட விரலோடு மண்வெட்டி பிடிக்கிறார்கள், நோவதில்லை. ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்துத் தின்றாலும் முழிப்பு வருவதில்லை. விரல் ‘காணாமல்’ போன மர்மத்துக்கு எலியும் ஒரு காரணம் என்று தெரிந்ததும், நோயாளிகள் பூனை வளர்க்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மருத்துவ வரலாற்றில் பூனைக்கு இப்படியொரு உத்தியோகம்!

இனி ஆபரேஷன். முழங்கை அருகே நரம்பு கெட்டுப்போவதால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செத்துவிடுகின்றன. ஆனால் முன்கையில் உயிருள்ள தசைகள் மிச்சமிருக்கும். அவற்றில் ஒன்றின் தசைநாரைப் பிரித்தெடுத்து, காலிலிருந்து எடுத்த நாரால் நீட்டி, அதை நாலு கிளையாகப் பிளந்து, உள்ளங்கை வழியாக இழுத்து ஒவ்வொரு விரலிலும் தைக்க வேண்டும். இழுவை கூடினால் விரல் விறைத்துவிடும், குறைந்தால் மறுபடி மடங்கிவிடும். பிறகு சில வாரம் மாவுக்கட்டு. அது பிரிந்த அன்றுதான் வேடிக்கை. இதுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசை இப்போது விரலை அசைக்கிறது. அதை மூளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்கு என்று நோயாளி நினைப்பார், விரல் நகரும். நகர்ந்த விரலை அவரே வேறு யாருடைய விரலோ போலப் பார்ப்பார்.

இந்த வேலையைத்தான் மேரி கற்றுக்கொண்டார், சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்தார். எதிரே கட்டிலில் கிடப்பவருக்கு உணர்வில்லாத கை, கத்தி பிடிப்பவருக்கு உணர்வில்லாத கால். அவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

‘மன உறுதி இருந்தால் எதையும் ஜெயிக்கலாம் சார்’ என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். பதினாலு வாரமாக நான் மல்லுக்கட்டுவது இதோடுதான். மேரிக்கு உறுதி இல்லாமலா? இருந்தது. ஆனால் கட்டிலில் கிடந்த மாதங்களிலும் அதே உறுதிதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையும், அது உனக்கு முடியும் என்று நம்பி தியேட்டருக்குள் நாற்காலியைத் தள்ளவிட்ட ஒரு சக டாக்டரும் வேண்டியிருந்தது. துன்பம் ஆளைப் பட்டை தீட்டுகிறது என்பவர்களிடம், பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

பிராண்டே சொல்லும் இன்னொரு கதை உண்டு. கை நேரான நோயாளி ஒருவர் திரும்பி வந்து குறைப்பட்டாராம்: “இந்தக் கை பிச்சைக்கு ஆகலை.” முன்பு மடங்கிய விரலைப் பார்த்துக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. விரலை நிமிர்த்தியாகிவிட்டது, அதை வைத்துச் செய்ய வேலை? சி.எம்.சி. வளாகத்திலேயே பிராண்ட் ‘நவ ஜீவ நிலையம்’ என்று ஒன்றைத் தொடங்கித் தச்சுவேலை சொல்லிக்கொடுத்தது இந்தக் கேள்வி துரத்தியதால்தான்.

மேரியையும் அதே கேள்வி துரத்தியது. சர்ஜனாக இருந்தது போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மறுவாழ்வுத் துறை, 1966-ல் மறுவாழ்வு நிலையம், 1972-ல் பத்மஸ்ரீ எல்லாம் பிறகு வந்தவை. இவற்றைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், இடமில்லை என்று உதவி ஆசிரியர் கோடு போட்டுவிட்டார். அடுத்த வாரம் பெர்த்திலிருந்து தொடங்குகிறேன். ஆஸ்திரேலியாவின் அந்த ஊருக்கு மேரி போனது நோயாளியாக.